கல்யாண வீடியோ எடிட்டிங்: 68,000 ரூபாய் கொட்டேஷன், வாங்கலாமா?

மாங்கொட்டை | காவேரிப்பட்டினம்

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது சின்ன ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கும்பாபிஷேகம் என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் கேமராவோடு போய் நிற்போம். ஆடி மாதம் என்பதால் இப்போது கையில் வேலை இல்லை. ஆவணி பிறந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் கம்ப்யூட்டரை மாற்றிவிட வேண்டும்.

இப்போது இருப்பது 2019-இல் வாங்கியது. ஐ5 9400எஃப், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, விண்டோஸுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி, வீடியோக்களுக்கு 1 டிபி ஹார்டு டிஸ்க். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தை மாதம் கேமராவை மாற்றினோம். அன்றிலிருந்து பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் டைம்லைனை ஓடவிட்டால் படம் நிற்கிறது, சத்தம் மட்டும் போகிறது. கெட்டிமேளம் முடிந்த பிறகுதான் மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் போகிறது.

கடையில் கொடுத்த கொட்டேஷன், ஆடித் தள்ளுபடி போக 68,000: ஐ5 12400எஃப் சிபியு, எச்610 போர்டு, 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 1 டிபி ஜென்4 எஸ்எஸ்டி, கேபினெட்டோடு வரும் 500 வாட் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி), கலர் கலராக நாலு ஃபேன். வாங்கலாமா?

எட்டு கோர் | கிருஷ்ணகிரி

ப்ரோ, வீடியோ எடிட்டிங்குக்கு அந்த ஐ5-இன் 6 கோர் எந்த மூலைக்கு? ரைசன் 7 5700எக்ஸ் போடுங்கள். 8 கோர், 16 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 16 வேலை. அந்த 3060 அப்படியே இருக்கட்டும். முடிந்தது வேலை.

தொப்பூர் கணவாய் | தருமபுரி

காய்ச்சல் எதனால் என்று பார்க்காமலே ஊசி போடுகிறீர்கள். மாங்கொட்டை தம்பி, பணத்தை எண்ணுவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, புதிய கேமரா என்ன ஃபார்மட்டில் எழுதுகிறது என்று அதன் மெனுவில் பார்த்து அப்படியே இங்கே எழுதுங்கள். இரண்டாவது, படம் நிற்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். சிபியு எத்தனை சதவீதம், ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு. ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டீகோட்' என்று தனியாக ஒரு கோடு ஓடும், அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

தை மாதம் வரை ஓடியது, கேமரா மாறியதும் நின்றது என்கிறீர்கள். கம்ப்யூட்டருக்கு ஒரே நாளில் வயசாகிவிடாது.

பர்கூர் ஹாஸ்டல் | பர்கூர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. என்னிடம் 50,000 இருக்கிறது. கேம் விளையாட, கொஞ்சம் கோடிங். ஒரு கடையில் ஐ7, 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, 4 ஜிபி கார்டு எல்லாம் சேர்த்து 27,000 என்கிறார்கள். ஐ7 இந்த விலைக்கு என்றால் லாபம்தானே?

தொப்பூர் கணவாய் | தருமபுரி

தம்பி, ஐ7 என்பது பட்டம், வயது அதில் தெரியாது. அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேட்டு வாருங்கள்.

பர்கூர் ஹாஸ்டல் | பர்கூர்

3770 என்று போட்டிருக்கிறது.

தொப்பூர் கணவாய் | தருமபுரி

அது 2012-இல் வந்தது. 4 கோர், 8 த்ரெட். 2022-இல் வந்த ஐ3 12100-க்கும் அதே 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் வேகத்தில் அந்தப் பழைய ஐ7 இதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஒரு துடிப்பில் எத்தனை வேலை முடிகிறது என்பதுதான் கணக்கு. கிகாஹெர்ட்ஸை (வினாடிக்கு எத்தனை துடிப்பு) மட்டும் பார்த்தால் 2004-இலேயே பென்டியம் 4 3.8-ஐத் தொட்டுவிட்டது. அதை இன்று யாராவது வீட்டில் வைத்திருக்கிறார்களா?

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். 3770 மூன்றாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பார்கள், அது வேறு கதை.

மாங்கொட்டை | காவேரிப்பட்டினம்

அண்ணா, பார்த்துவிட்டேன். கேமராவில் 4கே, எச்.265, 10 பிட், 4:2:2 என்று இருக்கிறது. டீலர் வைத்துக் கொடுத்தது, நாங்கள் தொடவே இல்லை.

படம் நிற்கும்போது சிபியு 100 சதவீதம். ராம் 8-இல் 7.4. ஹார்டு டிஸ்க் 30, 40 என்று ஆடுகிறது. வீடியோ டீகோட் பூஜ்யம். அசையவே இல்லை. கார்டு செத்துவிட்டதா?

தொப்பூர் கணவாய் | தருமபுரி

கார்டு உயிரோடுதான் இருக்கிறது. அதற்கு இந்த பாஷை தெரியாது, அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், டீ வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை, 10 பிட் என்பது நிறத்தின் நுணுக்கம், 4:2:2 என்பது நிறத்தைப் பங்கு வைக்கும் கணக்கு. கேமரா வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக எழுதும். நிறத்தை மட்டும் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பங்கு வைத்துக் கொடுக்கும். 4:2:2-இல் இரண்டு புள்ளிக்கு ஒரு நிறம், 4:2:0-இல் நாலு புள்ளிக்கு ஒரு நிறம். உங்கள் பழைய கேமரா அநேகமாக 4:2:0-இல் எழுதியிருக்கும்.

இப்படிச் சுருக்கி எழுதிய வீடியோவை விரித்துக் காட்டுவதற்கென்றே கிராபிக்ஸ் சிப்புக்குள் தனியாக ஒரு சுற்று உண்டு. கேம் ஓட்டும் வலிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என்விடியாவின் 1650, 3060, 4060, ஏன் 4090 வரைக்கும் அந்தச் சுற்று 4:2:2-ஐத் தொடாது. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். சுற்று கைவிட்டால் மொத்தச் சுமையும் சிபியு தலையில். உங்கள் 100 சதவீதம் அங்கேதான் போகிறது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். இன்டெல் 12400-க்குள் யுஎச்டி 730 என்று சின்ன கிராபிக்ஸ் ஒன்று இருக்கிறது. கேம் விளையாட உதவாது, யாரும் மதிப்பதில்லை. ஆனால் அது எச்.265 10 பிட் 4:2:2-ஐ விரிக்கும்! உங்கள் கொட்டேஷனில் இருப்பது 12400எஃப். எஃப் என்றால் அந்தச் சின்ன கிராபிக்ஸ் இல்லாத சிப் என்று அர்த்தம். கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்க உங்களுக்கு வேண்டிய ஒரே உறுப்பைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக அந்த வேலையைச் செய்யத் தெரியாத 3060-ஐப் போட்டிருக்கிறார்கள். 68,000 கொடுத்து வீட்டுக்கு வந்த பிறகும் சிபியு தனியாகத்தான் மாரடிக்கும்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பத்துப் பேரில் ஒன்பது பேர் கேம் விளையாடத்தான் கேட்கிறார்கள், அவர்களுக்கு அந்தக் கொட்டேஷன் சரி.

எட்டு கோர் | கிருஷ்ணகிரி

அதனால்தான் கோர் கேட்டேன். சுற்று இல்லாவிட்டால் என்ன, 16 த்ரெட் அடித்து விரித்துவிடும்.

தொப்பூர் கணவாய் | தருமபுரி

ஒரு கேமரா என்றால் ஒப்புக்கொள்கிறேன். கல்யாணத்தில் மூன்று கேமரா: மேடை, கூட்டம், மேலே ட்ரோன். மூன்றையும் அடுக்கி, கலர் கரெக்ஷன் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எஃபெக்ட், எக்ஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். 5700எக்ஸிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதை மட்டும் கவனியுங்கள்.

எட்டு கோர் | கிருஷ்ணகிரி

சரி, அந்த விஷயம் தெரியாது. பாதி வாபஸ்.

ஓசூர் ஷிப்ட் | ஓசூர்

நைட் ஷிப்ட் முடித்துவிட்டு இப்போதுதான் படித்தேன். இரண்டு சேர்க்கை.

12400 வாங்கி 1650 கார்டையும் கூடவே போட்டால், நிறைய போர்டுகள் உள்ளே இருக்கும் கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் செட்டிங் திரை) போய் 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' என்பதை எனேபிள் செய்ய வேண்டும். இல்லையென்றால் எஃப் வாங்கியதற்கும் வாங்காததற்கும் வித்தியாசம் இருக்காது. போர்டு மாற்ற மனமில்லை என்றால் பழைய போர்டிலேயே ஆர்டிஎக்ஸ் 5050 போடுவது இன்னொரு வழி. அதுவும் 4:2:2 விரிக்கும். 130 வாட் கார்டு, எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த ஜென்4 எஸ்எஸ்டி. கேமரா வினாடிக்கு 200 மெகாபிட் எழுதினாலும் 8-ஆல் வகுத்தால் 25 மெகாபைட்தான். மூன்று கேமரா 75. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 550 வரை படிக்கும். ஜென்4 அட்டைப்பெட்டியில் 7,000 என்று போட்டிருப்பது உங்கள் டைம்லைனுக்கு ஒன்றும் செய்யாது. ஹார்டு டிஸ்க் மட்டும் ஆகாது. மூன்று ஃபைலை ஒரே நேரத்தில் கேட்டால் அதன் முள் அங்கும் இங்கும் ஓடியே களைத்துப்போகும். மலிவான எஸ்எஸ்டிகளில் ஒரு பொறியும் உண்டு: முதல் கொஞ்ச ஜிபி வேகமாக எழுதும், உள்ளே இருக்கும் கேஷ் நிரம்பியதும் ஹார்டு டிஸ்க் மாதிரி நடக்கும். மெமரி கார்டிலிருந்து 200 ஜிபி ஒரே மூச்சில் காப்பி செய்கிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

அரூர் ஜெராக்ஸ் | அரூர்

இவ்வளவு தூரம் போகாத என் அனுபவம் ஒன்று. டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம், டேலி என்று கடை நடத்துகிறேன். இரண்டு வருடம் முன்பு கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று போனேன், 'கிராபிக்ஸ் கார்டு போட்டால் பறக்கும்' என்று 2 ஜிபி ஜிடி 730 ஒன்றைத் தலையில் கட்டினார்கள். பறக்கவில்லை. பிறகு என் தம்பி ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டான், அன்றைக்குத்தான் பறந்தது. அந்தக் கார்டு இன்னும் மேஜை டிராயரில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

பர்கூர் ஹாஸ்டல் | பர்கூர்

அண்ணா, அந்தக் கார்டை எனக்குக் கொடுப்பீர்களா?

அரூர் ஜெராக்ஸ் | அரூர்

அக்கா. வேண்டாம் தம்பி, உனக்கும் பேப்பர் வெயிட்டாகத்தான் ஆகும்.

எட்டு கோர் | கிருஷ்ணகிரி

ஹாஸ்டல் தம்பி, உனக்கு என் கதை. நான் முதலில் வாங்கியது ரைசன் 5600ஜி. ஜி என்றால் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் சிப். கார்டு பிறகு வாங்கலாம் என்று திட்டம். ஒரு வருடம் கழித்து ஆர்எக்ஸ் 6600 வாங்கி மாட்டினேன். கேமில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அங்கே இங்கே கேட்டு, டிரைவர் மாற்றி, விண்டோஸை இரண்டு முறை புதிதாக ஏற்றி, நாலு மாதம். கடைசியில் பார்த்தால் மானிட்டர் கேபிளை கார்டில் சொருகாமல் பழையபடி போர்டிலேயே சொருகி வைத்திருக்கிறேன். சாதாரண 5600 ஆக இருந்தால் திரையே வந்திருக்காது, அன்றைக்கே தெரிந்திருக்கும். ஜி என்பதால் படம் வந்து தொலைத்தது.

பணம் கையில் இருந்தால் ஜி வேண்டாம். 5600-க்கு எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 32 எம்பி, ஜி-க்கு 16 தான். கார்டுக்கும் சிப்புக்கும் நடுவே இருக்கும் பாதையான பிசிஐஇயும் ஜி-யில் 3.0-ஓடு நின்றுவிடும். இப்போதைக்குக் கார்டு இல்லாமல் ஓட்ட வேண்டும் என்றால் மட்டும் ஜி. அப்படி எடுத்தால் ராமை 8+8 என்று இரண்டு ஸ்டிக்காக வாங்கு. உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கு தனி மெமரி கிடையாது, ராமில்தான் கை வைக்கும். டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக்கில் வினாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு என்றால் 51.2. பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய மறக்காதே, இல்லையென்றால் 3200 ராம் 2133-இலோ 2400-இலோ சோம்பேறியாக ஓடும்.

ஓசூர் ஷிப்ட் | ஓசூர்

கூடவே ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைக்கிறது என்று விழுந்துவிடாதே தம்பி. பிசிஐஇ லேன் நாலுதான், மெமரி 4 ஜிபி. 5600ஜி-யோடு சேர்த்தால் 3.0-இல் அந்த நாலு லேனும் பாதி வேகம். ஒற்றையடிப் பாதையில் லாரி விட்ட மாதிரி.

பென்னாகரம் கம்பு | பென்னாகரம்

எல்லோரும் சிப், கார்டு என்றே பேசுகிறீர்கள். மாங்கொட்டை கொட்டேஷனில் என்னைப் பயமுறுத்துவது 'கேபினெட்டோடு வரும் 500 வாட் எஸ்எம்பிஎஸ்' என்ற வரிதான்.

எங்கள் வீடு தோட்டத்துக்குள். பக்கத்து மூன்று கிணற்றிலும் மோட்டார் ஓடத் தொடங்கும் நேரம் லைட் மங்கும். கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் ஒரு நாள் மாலை 'டப்' என்றது. தான் மட்டும் போகாமல் போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. மேலே ஒட்டியிருந்த எண் 500. உள்ளே 12 வோல்ட் லைனில் எத்தனை ஆம்ப் என்று ஸ்டிக்கரில் பார்த்துப் பெருக்கினால் 250-கூட வரவில்லை. சிபியுவும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட் லைனில்தான். வாங்கும்போது அந்தக் கணக்கைப் போடுங்கள். 80 பிளஸ் முத்திரை இருப்பது நல்லது, ஆனால் அது மின்சாரத்தை வீணாக்காத திறனுக்குக் கொடுப்பது. பாதுகாப்புக்கு அல்ல. வாரண்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள், மூன்றுக்குக் கீழே சொன்னால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? பல வீடுகளில் 'லேசான ஷாக்தான்' என்று பழகிவிடுகிறார்கள். எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிக்க இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் உடம்பு 230-இல் பாதியில், 115 வோல்ட் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் டிவியையோ கேமராவையோ கேபிளால் இணைக்கும் நொடியில் எச்டிஎம்ஐ போர்ட்டைக் கொன்றுவிடலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு எர்த் அடித்தோம். அன்றோடு சுரீர் நின்றது.

அரூர் ஜெராக்ஸ் | அரூர்

என் கடையில் சுரீர் என்கிறது. நான் செருப்பு போட்டுக்கொண்டு உட்காருகிறேன். நாளைக்கே ஆளை வரச் சொல்கிறேன்.

தொப்பூர் கணவாய் | தருமபுரி

கம்பு சொன்னதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் பிரிந்துவிட்டது, ஆனால் உருப்படியான எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்றால் இரண்டு மாவட்டமும் இன்னும் ஒன்றாகத்தான் பெங்களூரு பஸ் ஏறுகிறோம். அங்கே கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போகிறவர்கள் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். வெள்ளைத் துண்டுச்சீட்டைக் காட்டினால் வாரண்டி கவுன்டரில் முகம் மாறும்.

மாங்கொட்டை தம்பி, காசில்லாத வேலை முதலில். கேமரா மெனுவில் எச்.265 10 பிட் 4:2:0-க்கு மாற்றுங்கள். அதை உங்கள் 1650 விரிக்கும். பச்சைத் திரை வைத்துப் பின்னணி மாற்றுகிறவர்களுக்கு 4:2:2 வேண்டும். மண்டபத்து மேடைக்கு வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். எச்.264 4:2:2 என்ற பக்கம் மட்டும் போகாதீர்கள், அதை 12400-ம் விரிக்காது. ஏற்கெனவே எடுத்து வைத்ததற்கு ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் லேசான நகல்) போடுங்கள். ராத்திரி ஓடவிட்டால் காலையில் தயார். எல்லாவற்றுக்கும் முன்னால் சிபியு சூட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். ஏழு வருட மெஷின், நெடுஞ்சாலைப் புழுதி.

மாங்கொட்டை | காவேரிப்பட்டினம்

அண்ணா, 98 டிகிரி காட்டுகிறது. வேகம் 2.2 கிகாஹெர்ட்ஸ்.

தொப்பூர் கணவாய் | தருமபுரி

அந்தச் சிப்புக்கு 100 தான் எல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. எல்லாக் கோரும் ஓடும்போதே 3.9 வரை போக வேண்டியது. ஸ்விட்சை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். கூலரின் நாலு பிளாஸ்டிக் ஆணியையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள்.

மாங்கொட்டை | காவேரிப்பட்டினம்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். ஒரு ஆணி மேலே வந்து கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் இருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி. தூசியை ஊதினேன், வீட்டில் அடுப்பு ஊதுகிறாயா என்று கேட்டார்கள். புது பேஸ்ட் வைத்து நாலு ஆணியும் 'க்ளிக்' என்று அமுக்கினேன். இப்போது 71 டிகிரி. கேமராவை 4:2:0-க்கு மாற்றி மாமா வீட்டு வளைகாப்பை எடுத்துப் பார்த்தேன். வீடியோ டீகோட் கோடு முதல்முறையாக எழுந்தது!

தை மாதத்திலிருந்து எடுத்த 4:2:2 குவியல் இருக்கிறதே, அதற்காக கடைக்கும் போனேன். ஒரு பென்டிரைவில் மூன்று கேமரா ஃபைலையும் போட்டுக்கொண்டேன். கடைப் பையன் நல்லவன், டெமோவுக்கு வைத்திருந்த 12400எஃப் + 3060 மெஷினில் பிரீமியர் ட்ரையல் ஏற்றினான். இரண்டாவது கேமராவை அடுக்கியதும் திக்கியது. அங்கே பில் போடுகிற கம்ப்யூட்டர் வெறும் 12400, கார்டே கிடையாது. அதிலும் ஏற்றச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். இரண்டு கேமரா சீராக ஓடியது, மூன்றாவதில்தான் லேசாகத் திணறல், அதுவும் 8 ஜிபி ராமோடு. கடைக்காரர் கொஞ்ச நேரம் தன் பில்லிங் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டேஷனைத் திருத்தி வாங்கிவிட்டேன். 12400 எஃப் இல்லாதது, டிடிஆர்4 போர்டு, என் பழைய ஸ்டிக்குக்கு ஜோடியாக இன்னொரு 8 ஜிபி (2025 கடைசியில் ஏறத் தொடங்கிய ராம் விலையில் இதற்கு மேல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்), வீடியோவுக்கு 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி, தனியாக நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ். 1650 கார்டும் கேபினெட்டும் பழையதே. 68,000-இல் பாதிகூட ஆகவில்லை. கலர் ஃபேன் ஒன்று இலவசமாகக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

பர்கூர் ஹாஸ்டல் | பர்கூர்

அந்த ஃபேன் எனக்குக் கிடைக்குமா அண்ணா? நான் 5600-ம் 6600-ம் வாங்கப்போகிறேன். கேபிளைக் கார்டில்தான் சொருகுவேன்.

மாங்கொட்டை | காவேரிப்பட்டினம்

ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள் தம்பி. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஸ்டுடியோ எங்கே என்று கேட்டால் போதும், சொல்வார்கள்.